வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், வண்ணத்துப்பூச்சிகளை வரவழைக்கும் பூச்செடிகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இப்படியொரு பொருளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுரை தந்த செடிப் பட்டியல் முழுவதும் தேனுக்காக வளர்க்கப்படும் பூச்செடிகளாகவே இருந்தது. புழுவுக்கு இலை தரும் செடி ஒன்றுகூட அதில் இல்லை. பட்டியலில் முதலாவதாகவே உண்ணிச்செடி (லாந்தானா) இருந்தது. போதாக்குறைக்கு, இலைகளைப் புழு அரிக்கத் தொடங்கினால் உடனே மருந்து தெளிக்க வேண்டும் என்ற குறிப்பும் கடைசியில் இடம்பெற்றிருந்தது. இம்மூன்றையும் அப்படியே பின்பற்றுகிற வாசகர், எதை விரும்பிச் செடி நட்டாரோ அதைத் தம் கையாலேயே இல்லாமல் ஆக்கிவிடக்கூடும். கோயம்புத்தூரில் நெடுங்காலமாக வீட்டுத்தோட்டம் வளர்த்துவருபவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

தேன் குடிப்பதில் வண்ணத்துப்பூச்சிக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது; உறிஞ்சுகுழலுக்கு எட்டுகிற பூ எதுவானாலும் அது நாடிச் செல்லும். முட்டையிடும்போது நிலைமை வேறு. ஒவ்வோர் இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே தின்று வளரக்கூடியது என்பதால், அந்தச் செடி இல்லாத இடத்தில் சுற்றிலும் எவ்வளவு பசுமை இருந்தாலும் அது பட்டினியால் இறந்துவிடும். ஆகவேதான் தாய்ப்பூச்சி அவ்வளவு கவனம் காட்டுகிறது. வெயில் ஏறிய ஒரு காலைப்பொழுதில் எலுமிச்சைக் கன்றின் அருகே அசையாமல் நின்று பாருங்கள்: கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி ஒன்று படபடத்துக்கொண்டே தளிரைத் தொடும், முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும், விலகும், பக்கத்துச் செடியைத் தொடும், மீண்டும் திரும்பி வரும். கால் நுனிகளில் சுவையறியும் உறுப்புகள் இருப்பதால், அந்தத் தட்டலிலேயே இலை தன் பிள்ளைக்கு உகந்ததா என்று அது அறிந்துகொள்கிறது. உகந்தது என்று தெரிந்தபின் வயிற்று நுனியை வளைத்து, இளமஞ்சள் நிற முட்டை ஒன்றைத் தளிரில் ஒட்டிவிட்டுப் போகிறது. நம் தோட்டத்தில் அந்த இலை இல்லையென்றால், எத்தனை பூ பூத்தாலும் அது தேன் குடித்துவிட்டுப் போகும் விருந்தாளிதான். இங்கே ஒரு தலைமுறை பிறக்காது.

இதை விளக்க ஆவாரையைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரைதான். கொங்குப் பகுதியின் கரிசல், செம்மண், சுக்கான் நிலம் என எதிலும் தண்ணீர் கேட்காமல் வளர்ந்து, ஆண்டின் பெரும்பகுதியில் மஞ்சள் பூத்து நிற்கும் இந்தப் புதர்ச்செடியின் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப் பைகளின் நுனியிலுள்ள சிறு துளைகளுக்குள் அடைபட்டிருக்கும். கருந்தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, உடலை அதிரவைத்து, அதை உதிர்த்து எடுக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு அந்தப் பூவில் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் ஆவாரைப் புதரைச் சுற்றி வெளிர்பச்சையும் வெளிர்மஞ்சளும் ஓடிய வெள்ளைப் பூச்சிகள் ஓயாமல் பறந்துகொண்டிருப்பதற்குக் காரணம் அதன் இலைதான். கொன்றை, தகரை, ஆவாரை ஆகியவற்றின் தளிரில் கதிர்போல் ஒடுங்கிய முட்டைகளை ஒவ்வொன்றாக நட்டுவைத்து அவை இனம் பெருக்குகின்றன. புழு இலையின் பச்சையிலேயே இருக்கும்; நடுநரம்பின்மீது நீட்டிப் படுத்துக்கொண்டால் பக்கவாட்டில் ஓடும் வெளிர்க்கோடு மட்டுமே கண்ணுக்குத் தட்டுப்படும். கூட்டுப்புழுவும் கூர்முனையுள்ள ஒரு பச்சிலையைப் போலவே தொங்கும். பூவைப் பார்த்தே செடியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்களில் ஆவாரை இடம்பெறாமல் போவதற்கும், அது நம் வீதியோரங்களிலிருந்து மெல்ல மறைந்துவருவதற்கும் தொடர்பு உண்டென்றே நினைக்கிறேன். நாற்றுப்பண்ணைக்காரரிடம் கேட்டால், "அது தானா முளைக்கிற செடிங்க, அதை யார் காசு குடுத்து வாங்குவாங்க?" என்கிறார். தானாக முளைப்பதற்கு இன்று காலிமனை எங்கே இருக்கிறது?

ஆவாரையை விதையிலிருந்து எளிதில் வளர்க்கலாம். விதையின் தோல் கடினமானது என்பதால், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தோ, சூடான நீரில் ஓர் இரவு ஊறவைத்தோ விதைத்தால் நன்றாக முளைக்கும். வேர் பிடித்தபின் தண்ணீரை மறந்துவிடலாம். ஆண்டுக்கொரு முறை கவாத்து செய்தால் புதுத்தளிர் விடும்; தாய்ப்பூச்சி தேடுவதும் அந்தத் தளிரைத்தான்.

அடுத்து, எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும் கறிவேப்பிலை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் அவற்றைச் சார்ந்து வாழ்பவை. "செடியில் பறவை எச்சம் விழுந்திருக்கிறது" என்று நினைத்து விரலால் தட்டிவிடப் போகிறவர்கள் ஒரு கணம் உற்றுப் பார்க்க வேண்டும். பழுப்பும் வெள்ளையுமாக, ஈரம் மின்ன, இலையின் நடுவே கிடப்பது பெரும்பாலும் சிறு புழுதான். பறவைகள் தன்னைத் தீண்டாதிருக்க அது பூண்டிருக்கும் வேடம் அது. சில முறை தோல் உரித்து வளர்ந்தபின் அந்த வேடத்தைக் களைந்துவிட்டுத் தளிர்ப்பச்சை நிறத்துக்கு மாறுகிறது. அந்த நிலையில் அதை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகக் கிளைத்த செந்நிறக் கொம்பு ஒன்று சட்டென வெளியே நீளும். கூடவே காரமான ஒரு வாடை வரும். எறும்பையும் சிறு எதிரிகளையும் விரட்ட அதற்குள்ள ஆயுதம் அது ஒன்றுதான். நம் கைக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முருங்கை மரத்தில் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கிடந்து, மேலே பட்டால் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும் கம்பளிப்புழுவைக் கண்டு பயந்தவர்கள், செடியில் எந்தப் புழுவைக் கண்டாலும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள். முருங்கையில் வருவது அந்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எருக்கிலும் ஆவாரையிலும் நாம் காண்கிற வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைத் தொட்டால் அரிப்பு வராது. குழந்தைகள் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. பார்த்தபின் எடுத்த இலையிலேயே விட்டுவிட்டால் போதும்.

கறிவேப்பிலைக்கு நேரும் சேதத்தைப் பற்றிய கவலை நியாயமானதே. தொட்டியில் வைத்த சிறு கன்றை நான்கைந்து பெரிய புழுக்கள் மொட்டையாக்கிவிடும். நன்கு வேரூன்றிய மரத்துக்கோ அது ஒரு பொருட்டே அல்ல, மறுபடியும் தளிர்த்துவிடும். சமையலுக்கென்று ஒன்று, புழுவுக்கென்று ஒன்று என இரண்டு கன்றுகளை வைப்பது நல்ல வழி. முதல் செடியில் காணும் புழுக்களை இலையோடு கிள்ளி இரண்டாவதில் விட்டுவிடலாம். மேலும், இடப்படும் முட்டைகள் எல்லாம் பூச்சியாகிவிடுவதில்லை. எறும்பும் சிலந்தியும் குளவியும் கும்பிடுபூச்சியும் ஒருபுறம் எடுத்துக்கொள்ளும். தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் இத்தகைய புழுக்களைத்தான். கடைசியில் மிகச் சிலவே சிறகு விரிக்கின்றன. புழுவே இல்லாத தோட்டத்தில் தையல்சிட்டு கூடு கட்ட வராது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நஞ்சுள்ள செடிகளையும் சில இனங்கள் நாடுகின்றன. எருக்கின் பால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாது. வெந்தய வரியனின் புழு அந்த இலையைத் தின்றே வளர்கிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணை கரிய இழைகளுமாக அது ஒளியாமல் திரிவதற்குக் காரணம், உடலில் சேர்த்துவைத்த நஞ்சே அதற்குக் காவல் என்பதுதான். அரளியில் வளரும் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு வெள்ளி முலாம் பூசியதுபோல் இலைக்கடியில் மின்னும். அரளிச்செடி வைத்திருப்பவர்கள் இலைகளைத் திருப்பிப் பார்த்தால் அதைக் காணும் வாய்ப்பு உண்டு. ஈஸ்வரமூலிக் கொடியும், வயல்வரப்புகளில் படரும் ஆடுதீண்டாப்பாளையும் ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உரியவை. இவ்விரண்டின் உடலும் சிவப்பாக இருக்கும். ஒரு முறை தின்று பார்த்த பறவை மறுமுறை அவற்றைத் தொடாது. இந்த மதிப்பை, நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சி கடன் வாங்கிக்கொள்கிறது. அதன் ஒரு வடிவம் ரோஜா அழகியையும் மற்றொரு வடிவம் சிவப்புடல் அழகியையும் இறகின் கோலத்தில் அப்படியே ஒத்திருக்கும். உடலைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பாவனை செய்வதன் உடல் கறுப்பாக இருக்கும். கறிவேப்பிலையும் ஈஸ்வரமூலியும் அருகருகே இருக்கும் தோட்டத்தில், அசலையும் சாயலையும் ஒரே வெட்சிப் புதரில் அடுத்தடுத்துக் காணலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதையும், அரளியும் ஈஸ்வரமூலியும் வாயில் வைக்கத் தகாதவை என்பதையும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் மனத்தில் கொண்டு, அவற்றை வேலியோரமாக நட வேண்டும்.

தேன் தரும் புதர்ச்செடிகளைப் பற்றிக் கட்டுரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியே. சிலவற்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சி தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட செடி. அதன் பூக்குழல் மெலிந்து நீண்டது என்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அழகிகளுக்கு அது ஏற்றது. கத்தரித்து உருண்டை உருண்டையாக நிறுத்தும் வழக்கத்தை விட்டு, கொஞ்சம் தாராளமாக வளரவிட்டால் கொத்துக்கொத்தாகப் பூக்கும். மயில்கொன்றை அயல்நாட்டிலிருந்து வந்ததென்றாலும் பரவித் தொல்லை தராதது. அதன் நீண்டு வளைந்த மகரந்தத்தாள்கள், தேன் குடிக்கப் படபடக்கும் பூச்சியின் இறகில் மகரந்தத்தைத் தடவி அனுப்பும். செம்பருத்தியில் ஒற்றை அடுக்குப் பூவையே தேர்ந்தெடுக்க வேண்டும். பல அடுக்கு ஒட்டுவகைகளில் இதழ்கள் மண்டி வழி மறைப்பதால் தேன் எட்டாது. சாமந்திக்கும் செண்டுமல்லிக்கும் இது பொருந்தும். தொட்டியில் வளர்க்க நினைப்பவர்களுக்கு பென்டாஸ் நல்ல தேர்வு. ஒரே வகைச் செடியைத் தனித்தனியாகச் சிதறி வைக்காமல் மூன்று நான்காகச் சேர்த்து, காலை வெயில் விழுந்து காற்று அதிகம் மோதாத இடத்தில் வைத்தால், பூச்சிகளின் கண்ணில் எளிதில் படும். குளிர்ந்த காலையில் இறகை விரித்து வெயில் காய்ந்த பிறகே அவற்றால் பறக்க முடியும் என்பதால், நிழலில் பூக்கும் பூவால் அவற்றுக்குப் பயன் குறைவு.

இனி உண்ணிச்செடி. வண்ணத்துப்பூச்சிகள் அதை மொய்க்கும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட அச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகத்தான் இந்நாட்டுக்குள் வந்தது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் தரைப்பரப்பை அடைத்து, மானும் காட்டெருதும் மேயும் புல்லை முளைக்கவிடாமல் செய்துகொண்டிருப்பதும் அதுவே. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைச் சேர்த்திருக்கிறது. அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கெனத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கை வகுத்தது. அதன் கீழ் வேரோடு பிடுங்கப்படும் செடியை, வண்ணத்துப்பூச்சியின் பெயரைச் சொல்லி வீட்டில் நடுவது எவ்வகையில் பொருந்தும்? நகரத்தின் நடுவே வளர்த்தால் காட்டுக்கு என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். அதன் கருநீலக் கனிகளைத் தின்னும் கொண்டைக்குருவிக்கு நகர எல்லை தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. விதை வைக்காத வகை என்று சொல்லி விற்கப்படும் பலவண்ண உண்ணிச்செடிகளையும் தவிர்ப்பதே நல்லது. சாலையோர அழகுக்காக நடப்பட்ட மஞ்சள் கொன்றை, நீலகிரிக் காடுகளுக்குள் புகுந்து இன்று ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவருவதைப் பார்த்தபின்னும் நாம் எச்சரிக்கை கொள்ளாதிருக்கலாகாது.

எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் நிகழும் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சமவெளியையும் கிழக்கு மலைகளையும் நோக்கிப் புறப்படும் நீல வரியன்களும் கருப்பன்களும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களில் மீண்டும் மேற்கே திரும்புகின்றன. அந்த நாட்களில் கோவை, திருப்பூர் சாலைகளில் ஒரே திசையில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் தலைக்குமேல் கடந்துபோவதைக் காணலாம். அவை வழியில் இறங்கித் தங்குவது தேனுக்காக மட்டுமல்ல. கிலுகிலுப்பைச் செடியும், நீர்நிலையோரம் முளைக்கும் தேள்கொடுக்கும் ஒருவகை ஆல்கலாய்டு வேதிப்பொருளைக் கொண்டவை. ஆண்பூச்சிகள் பெண்ணைக் கவரும் வாசனையை உருவாக்க அது தேவைப்படுகிறது. ஒடிந்து வாடிய கிலுகிலுப்பைக் கிளையில் நாற்பது ஐம்பது நீல வரியன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு, இலையைக் கால்நகங்களால் கீறி, கசியும் சாற்றில் குழலை வைத்து அசையாதிருப்பதை அருகில் சென்று பார்த்தாலும் அவை பறந்துவிடுவதில்லை. அவ்வளவு வேண்டியிருக்கிறது அவற்றுக்கு. பூவும் சுமாராக, கிளுகிளுவென்று ஒலிக்கும் காயைத் தவிரப் பெருமை ஏதுமில்லாத இந்தச் செடியை, வேலியோரம் முளைத்தால் பிடுங்காமல் விட்டாலே போதும். நீல வரியனின் புழுவுக்கு உணவாகும் பெருங்குறிஞ்சான் கொடியும், கருப்பனின் புழு தின்னும் நன்னாரியும் வேலியில் ஏறினால் இன்னும் சிறப்பு.

பிடுங்காமல் விடுவது என்பதை இன்னும் கொஞ்சம் விரிக்கலாம். தரையோடு படரும் புளியாரை, சிறு நீலப்பூச்சி ஒன்றுக்கு வீடு. தோட்டத்து மூலையில் தானாக வரும் ஆமணக்கும், டிசம்பர் பூச்செடியும், வேலியில் படரும் சிறுபூனைக்காளியும் வெவ்வேறு இனங்களுக்கு இலை தருபவை. வெட்டுக்காயப் பூண்டின் சிறிய பூ, குட்டைக் குழலுள்ள சிறு பூச்சிகளுக்குத் தேன் தரும். சுவர் முதல் சுவர் வரை ஓடு பதித்து, ஓரத்தில் வரிசையாகத் தொட்டி அடுக்கிய தோட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை. ஒரு மூலையை மட்டுமாவது மண்ணாக விட்டு, அகன்ற தட்டில் ஈரமணல் வைத்து ஒரு சிட்டிகை உப்பு கலந்துவிட்டால், ஆண்பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்ச வந்து அமரும். அந்தச் சத்தைக் கூடும்போது பெண்பூச்சிக்கு வழங்குகின்றன.

மருந்தைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். புழுவுக்கு மருந்து தெளித்துவிட்டு வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்க்க முடியாது, புழுவே வண்ணத்துப்பூச்சி. இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெய்க் கரைசலைத் தாராளமாகத் தெளிப்பதும் புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பைக் குலைத்து, அதைக் கொன்றுவிடும். மாவுப்பூச்சி, அசுவினி போன்றவை வந்தால் தண்ணீரைப் பீய்ச்சியோ, பாதித்த கிளையை மட்டும் வெட்டியோ சமாளிக்கலாம். இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் வேர்வழியே இலை, மகரந்தம், தேன் ஆகிய எல்லாவற்றிலும் பரவக்கூடியவை என்பதால், நாற்று வாங்கும்போதே மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டறிவது நல்லது. கேட்பவர்கள் பெருகினால் விற்பவர்களும் மாறுவார்கள்.

இரண்டாவது, கொசு ஒழிப்புக்காக மாலையில் அடிக்கப்படும் புகைமருந்து. வண்ணத்துப்பூச்சிகள் இலைக்கடியிலும் புல்லிலும் அடையும் நேரம் அதுதான். எங்கள் தெருவில் புகை வண்டி வந்துபோன மறுநாள் வெட்சியின் அடியில் இறகுகள் உதிர்ந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். டெங்குக் காய்ச்சலின் கொடுமையை அறிந்தவன் என்ற முறையில், புகையே கூடாது என்று நான் வாதிட மாட்டேன். நோய் கண்ட இடத்தைச் சுற்றி அடிப்பதை ஏற்கலாம். நோய் எதுவுமில்லாத தெருக்களில் வழக்கமாக அடித்துச் செல்வதைவிட, தேங்கிய நீரை அகற்றுவதிலும் தொட்டிகளை மூடுவதிலும் அந்த ஆட்களையும் பணத்தையும் செலவிட்டால், கொசுவும் உறுதியாகக் குறையும், பிற பூச்சிகளும் பிழைக்கும். உள்ளாட்சி நிர்வாகங்கள் இதைக் கனிவோடு ஆராய வேண்டும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. திருவரங்கத்தை அடுத்த மேலூரில் வனத்துறை அமைத்து 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தேன் செடிகளோடு புழுவுக்கான செடிகளையும் சேர்த்து வளர்த்த பின்னரே இனங்கள் பெருகின. 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்துப் பெருமைப்படுத்தினோம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் அதன் புழுவும் நீரடிமுத்து மரத்தின் இலையை நம்பியே உயிர்வாழ்கிறது. இந்த உண்மையை அறிந்த அரசு, பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக வளர்க்கும் நாற்றங்கால்களில் மரக்கன்றுகளோடு ஆவாரை, வெட்சி, வில்வம், ஈஸ்வரமூலி, கிலுகிலுப்பை ஆகியவற்றையும் வளர்த்துப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் குறைந்த விலையில் தரலாம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டப் பொருள் தொகுப்புகளில் காய்கறி விதைகளுடன் ஒரு பொட்டலம் ஆவாரை விதையைச் சேர்ப்பதால் பெரிய செலவு ஏதும் ஆகிவிடாது. பள்ளித் தோட்டத்தில் ஓர் எலுமிச்சைக் கன்று இருந்தால், முட்டை முதல் சிறகு வரையிலான பாடத்தைப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தேன் தரும் செடி ஒரு பக்கமும், அதே பூச்சியின் புழுவுக்கு இலை தரும் செடி மறுபக்கமுமாக, இரண்டையும் இணைத்துக் காட்டும் பட்டியல் ஒன்றை, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்கள், கடலோரம், மலைப்பகுதி என்று பிரித்துத் தாங்கள் வெளியிட வேண்டும். கோவையில் வளர்வதெல்லாம் இராமநாதபுரத்தில் வளராது. உதகையில் பூப்பது சென்னை வெயிலில் கருகிவிடும். துறை வல்லுநர்களைக் கொண்டு அதைத் தொகுப்பது ஒரு நாளிதழுக்கு எளிது. தனி வாசகருக்கு அரிது. நடவுக்கு உகந்த காலம் ஐப்பசி மழை என்பதால், புரட்டாசிக்குள் அந்தப் பட்டியல் வெளிவந்தால் விதையும் கன்றும் தேடிவைக்க வாசகர்களுக்குப் போதிய அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.